கிரேன் என்றால் கொக்கா, பாரம் தூக்குகிற எந்திரமா?

ராயபுரம் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலத் தேர்வில் ‘பொருத்துக’ வந்திருக்கிறது. ஒரு பக்கம் சொற்கள், இன்னொரு பக்கம் படங்கள். ‘கிரேன்’ என்ற சொல்லிலிருந்து கப்பல் படத்துக்குக் கோடு போட்டிருக்கிறாள். குளம்தான் சரியான விடையாம். சிவப்பு மையில் பெருக்கல் குறி.

பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். “அம்மா, நம்ம மாடியில இருந்து பாத்தா தெரியுதே, அதானே கிரேனு?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. துணி காயப்போட மாடிக்குப் போனால் ஹார்பர் கிரேன்கள் வரிசையாக நிற்பது தெரியும். அவள் அப்பாவுக்கும் ஹார்பரில்தான் வேலை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அறிந்த கிரேன் அது ஒன்றுதான்.

அகராதியைப் புரட்டினேன். முதல் பொருள் கொக்கு, இரண்டாம் பொருள் பாரந்தூக்கி என்று இருக்கிறது. எது முதலில் வந்தது? பறவை பெயரை ஏன் எந்திரத்துக்கு வைத்தார்கள்? அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிண்ட் தெரு எழுதியது:

பாடம் பறவைகளைப் பற்றியது என்றால் ஆசிரியர் குளத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் கப்பல் படத்தையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ராயபுரத்துப் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்றால் எப்படி? பிள்ளையைத் திட்டாதீர்கள் அக்கா.

சொல்வேட்டை எழுதியது:

பறவைதான் முதல். அதில் ஐயமே வேண்டாம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தப் பறவைக்கு ‘கிரான்’ என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் பறவையின் குரலில் இருக்கிறது. கரகரவென்று உரக்கக் கத்துவதைக் குறிக்கும் மிகப் பழைய வேர் அது. லத்தீனில் ‘க்ரூஸ்’, கிரேக்கத்தில் ‘கெரனோஸ்’, வேல்ஸ் மொழியில் ‘கரன்’ எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நாம் காக்கை ‘கா கா’ என்று கத்துவதால் காக்கை என்கிறோமே, அதே மாதிரிதான்.

எந்திரத்துக்கு இந்தப் பெயர் வந்ததும் ஆங்கிலத்தில் தொடங்கிய கதை இல்லை. கிரேக்கர்களே பாரம் தூக்குகிற பொறியைக் ‘கெரனோஸ்’ என்றுதான் அழைத்தார்கள். நீண்ட மரக்கை, அதன் நுனியிலிருந்து தொங்கும் கயிறு, குனிந்து எடுத்து நிமிர்ந்து வைக்கிற அசைவு. தூரத்தில் இருந்து பார்த்தால் நீர்க்கரையில் நின்று குனிந்து நிமிர்கிற பறவையேதான். பிரெஞ்சில் ‘க்ரூ’ என்றால் இன்றைக்கும் பறவையும் அதுதான், எந்திரமும் அதுதான். அங்கேரி மொழியில் ‘தாரு’, போலந்து மொழியில் ‘ஜுராவ்’. இரண்டும் பறவைக்கும் எந்திரத்துக்கும் பொது. போலந்தின் க்டான்ஸ்க் துறைமுகத்தில் 1440-களில் கட்டிய மரக் கிரேன் ஒன்று உண்டு. அதன் பெயரே ஜுராவ். பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் ஏறி நடப்பார்கள், சக்கரம் சுழலும், கயிறு சுற்றிக்கொள்ளும், பாரம் எழும்பும். இரண்டாம் உலகப் போரில் 1945-இல் எரிந்துபோனதைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன்காரர்கள் மட்டும் பிரித்துக்கொண்டார்கள். பறவை ‘கிரானிஷ்’, எந்திரம் ‘கிரான்’.

ஆங்கிலத்தில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதற்கும் கிரேன் என்ற வினை இருக்கிறது. அது பின்னால் வந்தது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். தேர்த் திருவிழாவில் முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக நாம் எக்கிப் பார்க்கிறோமே, அதற்குச் சரியான சொல்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வம்சாவளியைக் குறிக்கும் ‘பெடிகிரி’ என்ற சொல். நாய்க்குட்டி வாங்கப் போகும்போது எல்லோரும் சொல்கிறோம். அது பழைய பிரெஞ்சில் ‘பியே த க்ரூ’, அதாவது கிரேனின் கால். குடும்ப மரம் வரையும்போது தகப்பன் பெயரிலிருந்து பிள்ளைகளுக்கு மூன்று கோடு பிரித்துப் போடுவார்கள். அந்தக் கோடுகள் பறவையின் காலடித் தடம் மாதிரி இருந்ததால் வந்த பெயர்.

பழைய ஹார்பர் எழுதியது:

அம்மா, உங்கள் பெண் போட்ட கோடு சரி. நான் அந்தக் கிரேனில்தான் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஓய்வு, வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன்.

மேலே சொன்ன ‘குனிந்து நிமிர்கிறது’ என்பது எவ்வளவு உண்மை என்று ஓட்டியவனுக்குத் தெரியும். வார்ஃப் கிரேனில் நீளக் கையை நாங்கள் ஜிப் என்போம். சிலிங்கில் மூட்டைகளைக் கட்டி ஹூக்கில் மாட்டித் தூக்கும்போது ஜிப் ஒரு நூல் அளவு தாழும். பாரத்தைத் தரையில் வைத்ததும் விசுக்கென்று நிமிரும். அந்த அசைவு கேபினில் உட்கார்ந்திருப்பவன் முதுகில் தெரியும்.

கப்பலின் ஹேட்சுக்குள் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாது. ஓரத்தில் சிக்னல்மேன் நிற்பார். அவர் கைதான் நமக்குக் கண். ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கத்தும்போது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தூக்குவதற்கு ‘ஆபிஸ்’, இறக்குவதற்கு ‘ஆரியா’. புதிதாக வந்த பையன்கள் ஆபிஸ் என்றதும் அலுவலகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். “ஆரியா… ஆரியா… மெதுவா ஆரியா…” என்று இழுத்துச் சொன்னால் அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும் என்று பொருள்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் முதல் நாள் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. பாரம் காற்றில் ஆடினால் பயந்துபோய் எதிர்ப்பக்கம் திருப்பக்கூடாது. ஆடுகிற பக்கமே கிரேனைக் கொண்டுபோய், பாரத்தின் உச்சிக்கு நேரே நிறுத்த வேண்டும். ஆட்டம் தானாக அடங்கும். “கொக்கு மாதிரி பொறுமையா இருடா” என்பார். அவர் இங்கிலீஷ் படித்தவர் இல்லை. கிரேன் என்றால் கொக்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் மாடியிலிருந்து தெரிவது அநேகமாகக் கன்டெய்னர் கிரேன்களாக இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. அதில் ஹூக்கே கிடையாது. ஸ்பிரெடர் என்று ஒரு இரும்புச் சட்டம் இறங்கிக் கன்டெய்னரின் நான்கு மூலையையும் கவ்விக்கொள்ளும். வேலை இல்லாதபோது கடல் பக்கம் நீட்டிய கையை மேலே தூக்கி நிறுத்தி வைப்பார்கள். பெண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், கை மேலே இருந்தால் அந்தக் கிரேனுக்குக் கீழே வேலை நடக்கவில்லை.

காசிமேடு கட்டுமரம் எழுதியது:

அண்ணே, எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் கிரேன் ஏது, துறைமுகமே ஏது. கப்பல் எட்டத்தில் நங்கூரம் போடும். மசூலாப் படகுதான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டு வரும். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875-இல். ராயபுரத்துக்கு ரயில் அதற்கும் முன்னாலேயே, 1856-இல் வந்துவிட்டது.

எங்கள் கட்டுமரத்தை ஆங்கிலக்காரர்கள் ‘கேட்டமரான்’ ஆக்கிக்கொண்டார்கள். அந்தச் சொல்லில் உள்ள ‘கேட்’டுக்கும் பூனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை உங்கள் பெண்ணுக்குச் சொல்லி வையுங்கள். அடுத்த தேர்வில் உதவும்.

பேசின்பிரிட்ஜ் மெக்கானிக் எழுதியது:

சொல்வேட்டை சார், ஒரு சந்தேகம். எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் இருக்கிறதே, அதுவும் இந்தக் கிரேனிலிருந்து வந்ததா? அப்புறம், தமிழில் கொக்குவுக்கும் கொக்கிக்கும் உறவு உண்டா? கொக்கு, கொக்கி, கிரேன் ஹூக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறதே.

சொல்வேட்டை எழுதியது:

கிராங்க் வேறு குடும்பம். வளைவது, முறுக்குவது என்ற பொருள் உள்ள வேரிலிருந்து வந்தது. கிரேனோடு உறவில்லை. ஆனால் உங்கள் கேள்வி வீண் போகவில்லை. ஸ்பானிய மொழியில் கிராங்க் ஷாப்டுக்கு ‘சிகுவென்யால்’ என்று பெயர். ‘சிகுவென்யா’ என்றால் நாரை! கிணற்றில் ஏற்றம் இருக்குமே, நீளக் கழி ஒன்று மேலும் கீழும் போய்த் தண்ணீர் இறைக்கும், லத்தீன் காலத்திலேயே ஸ்பெயினில் அதற்கு நாரையின் பெயரை வைத்திருந்தார்கள். ருஷ்யாவில் அதே ஏற்றத்துக்குக் கிரேன் பறவையின் பெயர். பொன்னேரிப் பக்கம் என் அம்மா வழித் தாத்தா தோட்டத்தில் ஒரு பழைய ஏற்றக் கால் கிடந்தது. சிறுவனாக அதன் மேல் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். நாம் அதை உயர்ந்து தாழ்கிற வேலையை வைத்து ஏற்றம் என்றோம். அவர்கள் உருவத்தை வைத்துப் பறவை என்றார்கள்.

கொக்கு, கொக்கி விஷயத்தில் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கட்டக்கூடாது. கொக்கின் அலகு ஈட்டி மாதிரி நேரானது. கொக்கி வளைந்தது. உருவமே பொருந்தவில்லை. மலையாளத்தில் ‘கொக்கு’ என்றால் பறவையும் உண்டு, பறவையின் அலகும் உண்டு. கன்னடத்தில் அலகு ‘கொக்கு’, பறவை ‘கொக்கரெ’. நமக்கு உறவுள்ள மொழிகளில் அலகும் பறவையும் இப்படி ஒட்டி நிற்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழைய ஹார்பர் அண்ணன் சொன்ன ‘ஆரியா’ போர்த்துகீசியச் சொல். பாயையோ பாரத்தையோ இறக்குவதற்கு அவர்கள் மொழியில் ‘அரியார்’. மாலுமிகள் வாய்வழியாகத் துறைமுகம் துறைமுகமாக வந்து இங்கே தங்கிவிட்டது. கப்பலிலேயே இருக்கும் பாரந்தூக்கியை ‘டெரிக்’ என்பீர்களே, அது ஆளின் பெயர். 1600 வாக்கில் லண்டனில் தூக்குப் போடும் வேலை பார்த்தவர் டெரிக். முதலில் தூக்கு மரத்துக்கு அந்தப் பெயர், பிறகு பாரம் தூக்கும் மரத்துக்கு.

எண்ணூர் பறவைக்காரன் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் அடிப்படையிலேயே ஒரு தவறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிரேன் என்றால் கொக்கு இல்லை!

நம் ஊரில் கொக்கு என்று எதைச் சொல்கிறோம்? வெள்ளையாக, கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் விரலும் உள்ள சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் திரிகிற, மஞ்சள் அலகு உள்ள உண்ணிக் கொக்கு. மண் நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து, காலடிக்கு அருகில் போன பிறகு வெள்ளை இறக்கை விரித்துப் பறக்கிற குருட்டுக் கொக்கு. மடையான் என்றும் சொல்வார்கள். இவற்றை ஆங்கிலத்தில் ‘ஈக்ரெட்’, ‘ஹெரான்’ என்பார்கள். கிரேன் வேறு குடும்பம். உலகத்தில் மொத்தம் 15 வகைதான்.

எப்படிப் பிரித்து அறிவது? பறக்கும்போது பாருங்கள். கொக்கு கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறக்கும். கிரேன் கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். கொக்கு மரத்தில் அடையும், கூடு கட்டும். கிரேன்களில் ஆப்பிரிக்காவின் கொண்டைக் கிரேன்களை விட்டால் மற்றவை மரத்தில் உட்காராது, பின்விரல் கிளையைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. தரையில்தான் கூடு. குரலும் வேறு. கிரேனின் மூச்சுக்குழல் நீளமாக வளர்ந்து நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடக்கும். அதனால்தான் அந்த எக்காளக் குரல் வெகு தூரம் கேட்கிறது. பெயரே குரலால் வந்தது என்று சொல்வேட்டை எழுதியதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் கொக்கு கத்தினால் தொண்டை கட்டியவர் இருமுவது போலத்தான் இருக்கும்.

நிஜக் கிரேனைப் பார்க்க வடக்கே போக வேண்டும். ராஜஸ்தானில் கீச்சன் என்ற ஊருக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வலசை வரும். ஊர்க்காரர்களே தானியம் போடுகிறார்கள். உத்தரப் பிரதேசத்து வயல்களில் சாரஸ் நிற்கும், ஓர் ஆள் உயரம். பறக்கும் பறவைகளிலேயே அதுதான் உயரமானது.

அதனால் பாடப்புத்தகத்தில் கிரேனுக்குக் கொக்கு என்று போட்டு எண்ணூர் கழிமுகத்துப் பறவையைக் காட்டினால் பிள்ளைக்கு இரண்டு பறவையும் தெரியாமல் போகும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கழிமுகம் முழுக்கப் பரவியபோது, இறகெல்லாம் கறுத்து ஒட்டிப்போன கூழைக்கடாக்களை நான் நேரில் பார்த்தேன். ‘ஏதோ கொக்கு’ என்று சொல்லிக் கடந்து போனார்கள். பெயர் தெரியாத உயிருக்கு யார் வருத்தப்படுவார்கள்?

தண்டையார்பேட்டை தமிழாசிரியர் எழுதியது:

தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனாலும் சொல் என்பது அறிவியல் வகைப்பாட்டுக்கு மட்டும் சொந்தம் இல்லை. ‘கொக்கு’ என்று நம் மக்கள் நீர்க்கரையில் நெடுங்கால் ஊன்றி நிற்கும் பறவைகளைப் பொதுவாக அழைத்தார்கள். அது குறை இல்லை.

ஆங்கிலேயர்களும் இதையேதான் செய்தார்கள். இங்கிலாந்தில் கிரேன்கள் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் குஞ்சு பொரிப்பதை நிறுத்தி அற்றுப்போயின. பறவை போனாலும் சொல் போகவில்லை. நாட்டுப்புறத்தார் சாம்பல் நாரையைக் ‘கிரேன்’ என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1979-இல்தான் நார்ஃபோக் பகுதிக்குக் கிரேன்கள் திரும்பி வந்தன. இங்கே வந்த வெள்ளைக்காரர்களோ நம் கொக்கைப் பார்த்து ‘பேடி பேர்டு’ என்றார்கள். நெல்வயல் பறவை. அவர்களும் கண்ணால் கண்டதைத்தான் பெயராக்கினார்கள்.

நம் பேச்சில் கொக்கு எத்தனை இடத்தில் நிற்கிறது பாருங்கள். “கொக்குக்கு ஒன்றே மதி” என்போம், மீனைத் தவிர வேறு நினைப்பில்லாத கவனத்தைச் சொல்ல. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பது, சுற்றி வளைத்துச் செய்கிற வேலை. “நம்ம ஏரியாக்காரன்னா கொக்கா?” என்று பையன்கள் மார் தட்டுவது “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா” கதையிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே எச்சமிட்ட கொக்கைக் கோபப் பார்வையால் எரித்த கொங்கணவர், பிச்சைக்கு வந்த வீட்டில் தாமதம் ஆனதும் வாசுகி அம்மையாரையும் அதே போல முறைத்தாராம். அந்த அம்மா சொன்ன பதில் அது. இதில் எங்கேயாவது ஈக்ரெட் என்று மாற்ற முடியுமா?

எண்ணூர் பறவைக்காரன் எழுதியது:

ஐயா, மாற்றச் சொல்லவில்லை. கொக்கு நம்முடையது, அப்படியே இருக்கட்டும். கிரேனுக்கு அதைச் சமமாகப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். படத்தில் இருப்பது எந்தப் பறவை என்று பார்த்துவிட்டு எழுதலாமே.

தண்டையார்பேட்டை தமிழாசிரியர் எழுதியது:

படத்துக்கு ஏற்ற சொல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வகுப்புக்கு எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

மிண்ட் தெரு எழுதியது:

யாராவது அந்தக் கேள்வித்தாளில் என்ன படம் இருந்தது என்று கேட்டீர்களா?

ராயபுரம் அம்மா எழுதியது:

கேள்வித்தாளில் பறவைப் படம் இல்லை. குளம், கப்பல், மரம், தொழுவம், இவ்வளவுதான்.

உங்கள் எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் அவளை மாடிக்கு அழைத்துப் போனேன். அவள் அப்பாவும் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். ஐந்தே முக்கால் இருக்கும், பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கொக்குகள் வடக்குப் பக்கமாக வரிசையாகப் போயின. நான் சின்ன வயதில் செய்தது போலவே இரண்டு கை நகங்களையும் உரசிக்கொண்டு “கொக்கே கொக்கே பூ போடு” என்று கத்தினாள். பாட்டி சொல்லிக் கொடுத்ததாம். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கொக்கு பூ போட்டதாக அர்த்தம். பிறகு அவளே கையை இறக்கிவிட்டு, “கழுத்தைக் காணோமே” என்றாள். மடக்கி வைத்திருக்கிறது என்றேன். ஹார்பர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கிரேன் கையைத் தூக்கி நின்றன, மற்றவை கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. “அது மடக்கல” என்றாள்.

அவள் அப்பா விரலை மேலே சுழற்றி “ஆபிஸ்” என்றதும் எழுந்து நின்றாள், “ஆரியா” என்றதும் உட்கார்ந்தாள். இருட்டும் வரை அதே விளையாட்டு.

ஆசிரியரிடம் நாளை பேசப் போகிறேன். மதிப்பெண்ணுக்காக இல்லை. அடுத்த முறை கேள்விக்குப் பக்கத்தில் பறவைப் படம் ஒன்று போடச் சொல்லிக் கேட்பேன். எண்ணூர் தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கழிமுகத்துக்கு வந்தால் குருட்டுக் கொக்கைக் காட்டுவீர்களா? பக்கத்தில் போகும் வரை பறக்காது என்று சொன்னதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எண்ணூர் பறவைக்காரன் எழுதியது:

தாராளமாக வாங்க அக்கா. ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் நிழலுக்குள் போய்விடும். பாப்பாவுக்குப் பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது.

பழைய ஹார்பர் எழுதியது:

நானும் வரலாமா தம்பி? முப்பது வருடம் கிரேனில் உட்கார்ந்தவன், மடையானை ஒரு தடவை கூட நின்று பார்த்ததில்லை.